ஈறில் ரத்தம்: ஃப்ளாஸ் நூலை விட்டுவிட்டு வாட்டர் ஃப்ளாசருக்கு மாறலாமா?

மஞ்சள்வெயில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. கொட்டுகிற அளவுக்கு இல்லை. துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். வலி இல்லாததால் நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம்தான் பல் டாக்டரிடம் போனேன். ஸ்கேலிங் செய்துவிட்டு, "பல் இடுக்கைச் சுத்தம் செய்யாவிட்டால் இது திரும்ப வரும், தினமும் ஃப்ளாஸ் போடுங்கள்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். முன்பற்களில் பரவாயில்லை. கடைவாய்ப் பக்கம் இரண்டு விரலையும் நுழைத்து நூலை இறக்குவதற்குள் தாடை வலிக்கிறது. அதிலும் கீழே வலது பக்கம், கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே நூல் இறங்குகிறது, ஆனால் வெளியே இழுத்தால் பிசிறு பிசிறாகப் பிய்ந்துவிடுகிறது. ஒரு இழை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க இன்னொரு நூல், அதுவும் பிய்யும். நான்காம் நாள் விட்டுவிட்டேன்.

தண்ணீரைப் பீச்சி இடுக்கைக் கழுவும் வாட்டர் ஃப்ளாசரை வாங்கச் சொல்கிறாள் என் அக்கா. தேடிப் படித்தால் ஓரிடத்தில் "99.9 சதவீதம் அழுக்கு போய்விடும்" என்கிறார்கள், இன்னோரிடத்தில் "வாய் கொப்பளிப்பதற்குச் சமம்" என்கிறார்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். நூலை அடியோடு விட்டுவிட்டு இதற்கு மாறலாமா?


அணில்குட்டி எழுதியது:

வாங்கிவிடுங்கள் அக்கா, யோசிக்கவே வேண்டாம். ஒன்றரை வருடமாக நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் வாஷ்பேசினில் விழுந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது, பயந்துபோனேன். பத்து நாளில் நின்றுவிட்டது. இப்போது பல் தேய்த்தால் ரத்தமே இல்லை, காலையில் வாய் நாற்றமும் குறைந்திருக்கிறது. ஃப்ளாஸ் டப்பா வீட்டில் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது.


நீலக்குடை எழுதியது:

எனக்கு நேர் எதிராக நடந்தது. எட்டு மாதம், ஒரு ராத்திரி விடாமல் பயன்படுத்தினேன். அணில்குட்டி சொன்ன மாதிரியே ரத்தம் நின்றது, ஈறு வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்தது. சரியாகத்தான் செய்கிறோம் என்று நம்பி நூலையும் இடுக்குப் பிரஷையும் ஒதுக்கிவிட்டேன். அப்புறம் வழக்கமான பரிசோதனைக்குப் போனால், எக்ஸ்ரேயில் இரண்டு பற்களின் பக்கவாட்டில் சொத்தை ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் காட்டினார். கீழ் முன்பற்களின் உள்பக்கம் முழுக்கக் காரை.

கருவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரத்தம் நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன், அங்கேதான் ஏமாந்தேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.


வேர்முனை எழுதியது:

ஈறு சிகிச்சைதான் என் வேலை. அணில்குட்டி, நீலக்குடை இருவர் சொன்னதும் உண்மை, ஒன்றை ஒன்று மறுக்கவும் இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல்லில் படிவதை நாம் "அழுக்கு" என்கிறோம். துணியில் ஒட்டிய மண் போல அது உதிர்ந்துவிடாது. கிருமிகள் தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கும் படலம் அது. ஆற்றுப் படிக்கட்டில் பாசியைப் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுக்க மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், பாசி அப்படியே இருக்கும். துடைப்பத்தால் தேய்த்தால்தான் கல் தெரியும். பல்லிலும் இதே கதைதான்.

ஆனால் வாட்டர் ஃப்ளாசர் வெறும் ஓடும் தண்ணீரும் இல்லை. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளாக விட்டு விட்டு அடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஈறு ஒரு கணம் அமுங்கி மறுகணம் விடுபடும். அந்த இடைவெளியில் ஈறு மடிப்புக்குள் தேங்கிய நச்சும், ஒட்டாமல் மிதக்கும் கிருமிகளும், உணவுத் துணுக்கும் வெளியே வருகின்றன. பல் துலக்கும் பிரஷ் ஈறுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் போனாலே பெரிது. தண்ணீரோ ஈறுப் பையின், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழும் பள்ளத்தின், ஆழத்தில் ஏறக்குறைய பாதி வரை போகும்.

அந்த 99.9 சதவீதக் கணக்கு 2009இல் வந்த ஓர் ஆய்வகச் சோதனை. பிடுங்கிய பற்களின் சிறு பரப்பில் 3 விநாடி தண்ணீரை அடித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தண்ணீர் நேராகப் பட்ட இடத்தில் படலம் போயிருந்தது. அது பொய் இல்லை. ஆனால் வாய்க்குள் கன்னம் தடுக்கும், நாக்கு தள்ளும், கை நடுங்கும். இரண்டு பற்கள் ஒன்றை ஒன்று தொடும் இடத்துக்குக் கீழே உள்ள மறைவில் எந்தக் கோணத்தில் பிடித்தாலும் தண்ணீர் நேராகப் படுவது கடினம்.

உயிருள்ள மனிதர்களிடம் செய்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டது, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு. 35 ஆய்வுகள், 3929 பேர். பிரஷோடு சேர்த்து வாட்டர் ஃப்ளாசரும் பயன்படுத்தியவர்களுக்கு 1 மாதத்தில் ஈறு அழற்சி சற்றுக் குறைந்திருக்கலாம் என்றும், 3 மாதத்திலும் 6 மாதத்திலும் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். படலத்தின் அளவில் வித்தியாசமே இல்லை. இடுக்குப் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் படலம், அழற்சி இரண்டும் குறைந்திருக்கலாம் என்று வந்தது. 2008இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: கண்ணுக்குத் தெரியும் படலம் குறையவில்லை, ஈறின் நிலை மட்டும் தேறுவது போலத் தெரிகிறது.

நீலக்குடைக்கு நடந்தது இதுதான். ஈறு படலத்தின் அளவைப் பார்த்துச் சிவப்பதில்லை, படலம் கசியவிடும் நச்சைப் பார்த்துச் சிவக்கிறது. நச்சைத் தினமும் கழுவினால் ஈறு அமைதியாகும், ரத்தம் நிற்கும். பல்லின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் படலமோ அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், எச்சிலில் உள்ள கால்சியத்தை வாங்கிக் காரையாக இறுகிக்கொண்டும் இருக்கும். காரையாகிவிட்டால் வீட்டில் இருக்கும் எந்தக் கருவிக்கும் அது அசையாது.

மஞ்சள்வெயில், உங்களுக்குத் தனியாக ஒன்று. நூல் எல்லா இடத்திலும் பிய்ந்தால் நூலை மாற்றிப் பார்க்கலாம். ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் பிய்ந்தால் அங்கே ஏதோ கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பின் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கலாம், காரை மிச்சம் இருக்கலாம், சொத்தையால் விளிம்பு உடைந்திருக்கலாம். அந்த இடுக்கைப் பற்றி உங்கள் டாக்டரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். நூல் காட்டிக்கொடுப்பதைத் தண்ணீர் காட்டிக்கொடுக்காது.


மஞ்சள்வெயில் எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். நூல் மட்டமான நூல் என்றுதான் நினைத்தேன், பல்லில் ஏதாவது இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஏழெட்டு வருடம் முன்பு அந்தப் பக்கம் ஒரு பல்லை அடைத்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?


வேர்முனை எழுதியது:

வலியோ வீக்கமோ சீழோ இல்லையென்றால் காத்திருக்கலாம், ஆனால் மறந்துவிடாதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பல், எந்தப் பக்கம், நூல் இறங்கும்போது பிய்கிறதா ஏறும்போது பிய்கிறதா. ஏறும்போதுதான் என்றால் அடைப்பின் கீழ் விளிம்பைச் சந்தேகிப்பேன்.


படித்துறை எழுதியது:

டாக்டர், பாசி உவமை என் பெயருக்குப் பொருத்தமாக அமைந்தது, நன்றி. ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு முரண்படுகிறேன். அதே காக்ரேன் தொகுப்பு ஃப்ளாஸ் நூலைப் பற்றியும் பெரிதாக எதுவும் சொல்லவில்லையே? சான்றுகள் எல்லாமே உறுதி குறைந்தவை என்றுதானே முடித்தார்கள்? 2016இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டுதலிலிருந்து ஃப்ளாஸ் பரிந்துரை நீக்கப்பட்டிருப்பது செய்தியானபோது உலகமே பேசியது. நூலுக்கும் சான்று குறைவு, தண்ணீருக்கும் சான்று குறைவு என்றால், செய்ய எளிதானதைச் செய்துவிட்டுப் போகலாமே. ஒரு மனிதர் நான்கு நாளில் கைவிடும் நூலைவிட வருடம் முழுக்கப் பயன்படுத்தும் தண்ணீர் மேல்தானே.

இன்னொரு தகவல். 1962இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் ஃபோர்ட் காலின்ஸில் ஜெரால்ட் மோயர் என்ற பல் மருத்துவரும் ஜான் மாட்டிங்லி என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியதுதான் பின்னாளில் வாட்டர்பிக் என்று பெயர் பெற்றது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் மக்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதில் ஒன்றுமே இல்லாமல் இருக்குமா?


வேர்முனை எழுதியது:

நல்ல கேள்வி. நீங்கள் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்.

சான்று குறைவு என்பது வேறு, பயன் இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது என்பது வேறு. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் 1 மாதம், 3 மாதம், மிஞ்சினால் 6 மாதம் நடந்தவை. இடுக்கில் சொத்தை உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும். அவ்வளவு குறுகிய காலத்தில் அதை அளக்கவே முடியாது. கலந்துகொண்டவர்கள் பலருக்கும் தொடக்கத்திலேயே ஈறு ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு: வாட்டர் ஃப்ளாசரை உயர்த்திச் சொல்லும் ஆய்வுகள் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரிக்கும் நிறுவனமே. அதனாலேயே முடிவு பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலைப் பற்றி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பள்ளி நாட்களில் தினமும் பயிற்சி பெற்றவர்களே குழந்தைகளுக்கு நூல் போட்டுவிட்டார்கள், 1.7 வருடம். இடுக்குச் சொத்தையின் அபாயம் 40 சதவீதம் குறைந்தது. வளரிளம் பிள்ளைகள் தாங்களே 2 வருடம் போட்டுக்கொண்டபோது பலன் எதுவும் தெரியவில்லை. நூல் அதேதான், கைதான் வேறு. பல்லை "சி" வடிவில் அணைத்து மேலும் கீழும் வழிக்காமல், நூலைச் சொடக்கென்று இறக்கி எடுப்பதைத்தான் நம்மில் பெரும்பாலானோர் ஃப்ளாஸ் போடுவது என்று நினைக்கிறோம். அப்படிப் போட்டால் ஈறு வெட்டுப்படும், படலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே, "கைவிடும் நூலைவிடத் தொடரும் தண்ணீர் மேல்" என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூலா தண்ணீரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இடுக்குப் பிரஷ் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. மெல்லிய கம்பியைச் சுற்றி நார் வைத்த, பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி வடிவம். ஈறு சற்று இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பின் பரிந்துரையும் அதுதான். நூல் இறுக்கமான இடுக்குக்கு. தண்ணீர் இவை இரண்டோடும் சேர்ந்து, அல்லது இவை இரண்டுமே முடியாதவருக்கு.


கம்பிப்பல் எழுதியது:

அந்த "முடியாதவர்" பட்டியலில் நான் இருக்கிறேன். பல்லில் கிளிப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஃப்ளாஸ் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் ஊசியில் நூல் கோர்ப்பது போலக் கம்பிக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடம். பரீட்சை நேரத்தில் யாரால் முடியும்? கிளிப்புக்கென்று நுனியில் சின்ன நார் வைத்த தனி முனை ஒன்று வருகிறது, அதை மாட்டிப் பீச்சினால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கம்பிக்குப் பின்னால் சிக்கியது பொலபொலவென்று விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு முன்னால் கிளிப்பைச் சுற்றி ஈறு மெத்தென்று வீங்கி, கிளிப்பையே பாதி மூடியிருந்தது. இப்போது கிளிப்பின் ஓரம் நாலு பக்கமும் தெரிகிறது.


வேர்முனை எழுதியது:

கிளிப் போட்டவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன் தம்பி. வளரிளம் பிள்ளைகளிடம் 2008இல் செய்த ஆய்விலும் நீங்கள் சொல்லும் அதே முனையை வைத்துப் பார்த்தார்கள், நூலைவிடப் படலமும் ரத்தக்கசிவும் நன்றாகக் குறைந்தன. கிளிப்பைச் சுற்றி, ஈறு ஓரமாகப் பிரஷால் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளிப்பைக் கழற்றும்போது அது இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள் நிற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்தத் திட்டு சொத்தையின் முதல் படி.


மாலைநடை எழுதியது:

எனக்கு வயது 71. மேலே இடது பக்கம் மூன்று பல் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பாலம் போல மாட்டிய செயற்கைப் பல்), கீழே ஒரு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்). இரண்டு கைகளிலும் மூட்டு வாதம், விரலை முழுசாக மடக்க முடியாது. நூலைச் சுற்றிப் பிடிப்பது என்பது எனக்கு நடக்காத காரியம். மகள் வாட்டர் ஃப்ளாசர் வாங்கி வந்தாள், பிடி தடிமனாக இருப்பதால் பிடிக்க வருகிறது. பிரிட்ஜின் அடியில் பீச்சும்போது மறுபக்கம் தண்ணீர் வெளியேறுவது நாக்கில் தெரிகிறது. முன்பெல்லாம் அங்கிருந்து ஒரு வாடை வரும், இப்போது இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம், டாக்டர். நான்கு வருடம் முன்பு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். இதைப் பயன்படுத்தலாமா? யாரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை.


வேர்முனை எழுதியது:

ஐயா, கேட்டது நல்லதாயிற்று. ஈறு வீங்கிய நிலையில் இருந்தால் பிரஷ், நூல், தண்ணீர், ஏன், மென்று தின்பதுகூட வாய்க் கிருமிகளைச் சிறிதளவு ரத்தத்தில் சேர்க்கும். பெரும்பாலானோருக்கு உடம்பே அதைச் சமாளித்துவிடும். செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்ளுறை அழற்சி (இதயத்தின் உள்படலத்தில் கிருமித் தொற்று) வந்தவர்கள் போன்ற சிலருக்கு அந்தக் கிருமி வால்வில் போய் ஒட்டும் ஆபத்து உண்டு. அதற்காக வாயைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஆபத்து இன்னும் கூடும். இதய மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள். அதுவரை பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் சரி என்றால் மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கலாம். பல் எடுப்பது, ஸ்கேலிங் மாதிரி எதற்குப் போனாலும் வால்வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள், முன்னதாக மருந்து தேவைப்படும்.

பிரிட்ஜுக்கும் இம்பிளான்ட்டுக்கும் தண்ணீர் நல்ல துணை. இம்பிளான்ட்டின் சொரசொரப்பான பகுதி வெளியே தெரிந்தால் நூல் இழை அதில் பிய்ந்து ஒட்டி, அதுவே அழற்சிக்குக் காரணமாவதும் உண்டு. கை ஒத்துழைக்காத உங்களுக்கு இந்தக் கருவி எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குப் புரிகிறது ஐயா.


மாலைநடை எழுதியது:

இதய மருத்துவரிடம் பேசினேன் டாக்டர். ஈறு அமைதியாக இருப்பதால் பயன்படுத்தலாம், குறைந்த அழுத்தம் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். உங்களுக்கு நன்றி.


மஞ்சள்வெயில் எழுதியது:

வாங்கிவிட்டேன். முதல் நாள் கண்ணாடி, சுவர், சட்டை எல்லாம் நனைந்தது. முழு அழுத்தத்தில் வைத்து ஈறு வலித்ததுதான் மிச்சம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.


அணில்குட்டி எழுதியது:

வாய்க்குள் முனையை வைத்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும் அக்கா. வாஷ்பேசினில் நன்றாகக் குனிந்து, உதட்டைச் சும்மா மூடினாற்போல் வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தானாக வழிய விடுங்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்தால் கண்டிப்பாகத் தெறிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், பல் கூச்சம் இருக்காது. மிகக் குறைந்த அழுத்தத்தில் ஒரு வாரம், அப்புறம் ஒவ்வொரு படியாக ஏற்றலாம். முனையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் நேர்க்குத்தாக வைத்து, கடைவாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு நொடி நின்று நகருங்கள். வெளிப்பக்கம் முடித்துவிட்டு உள்பக்கம். நாக்குப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்திருக்கிறேன்.


வேர்முனை எழுதியது:

அருமையாகச் சொல்லிவிட்டீர்கள். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: சாதாரண முனையை ஈறுக்குள் கீழ்நோக்கிக் குத்தலாகப் பிடிக்க வேண்டாம், சீழ்க்கட்டி இருக்கும் இடத்திலும் புதிதாகப் பல் எடுத்த குழியிலும் அடிக்க வேண்டாம்.


நீலக்குடை எழுதியது:

கருவியைப் பராமரிப்பதையும் சொல்லியாக வேண்டும். நான் ராத்திரி வேலை முடிந்ததும் தொட்டியில் மிச்சத் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவேன். ஒருநாள் தொட்டியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால் உள்சுவர் வழவழவென்று இருந்தது. குழாய் இணையும் மூலையில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் தொங்கியது. பல்லில் இருந்து எதை எடுக்கப் போராடுகிறோமோ அதையே வளர்த்து, அழுத்தத்தோடு ஈறுக்குள் செலுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, சில நொடி வெறுமனே ஓடவிட்டுக் குழாயில் நிற்கும் தண்ணீரையும் வெளியேற்றி, தொட்டியைத் திறந்து கவிழ்த்து வைக்கிறேன். மாதம் ஒருமுறை வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீர். முனையையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூடவே வரும் குறிப்பில் அனுமதி இல்லாவிட்டால் உப்பு போடாதீர்கள், உள்ளே இருக்கும் பம்ப் கெட்டுவிடும்.


படித்துறை எழுதியது:

பல் தேய்ப்பதற்கு முன்பா, பின்பா?


வேர்முனை எழுதியது:

முன்பு. இடுக்கில் இருப்பதை முதலில் வெளியேற்றிவிட்டால் பற்பசையின் ஃப்ளோரைடு அங்கே போய்ச் சேரும். தேய்த்த பிறகு பீச்சினால் அந்த ஃப்ளோரைடையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். ராத்திரி தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் படுக்கப் போவது இன்னும் நல்லது.

கருவி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஒரு சோதனை செய்து பாருங்கள். படலத்துக்கு நிறமூட்டும் மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும். முதலில் தண்ணீரால் இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு மாத்திரையை மென்று, ஒருமுறை கொப்பளித்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். நான் ஆயிரம் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.


மஞ்சள்வெயில் எழுதியது:

ஐந்து வாரம் ஆகிறது. ரத்தம் நின்றுவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்து வெள்ளை நுரையைத் துப்பியபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நேற்று ராத்திரி டாக்டர் சொன்ன சோதனையைச் செய்தேன். இரண்டு நிமிடம் பொறுமையாகப் பீச்சிவிட்டு மாத்திரையை மென்றேன். பல்லின் முன்பரப்பில் அங்கங்கே லேசான இளஞ்சிவப்பு, அவ்வளவுதான், நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். கைப்பேசி விளக்கை அடித்துக் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைவாய்ப் பற்கள் ஒன்றை ஒன்று தொடும் இடத்துக்குக் கீழே, ஈறை ஒட்டி, பிறை வடிவில் அடர்ந்த சிவப்பு. ஒவ்வொரு இடுக்கிலும் அதே பிறை. கீழே வலது பக்கம் அந்த இடுக்கில் பிறை ஊதாவாகவே இருந்தது.

திரும்பவும் இரண்டு நிமிடம் பீச்சினேன். ஓரங்கள் மங்கின, நடுவில் இருந்தது அசையவில்லை. அப்புறம் இடுக்குப் பிரஷை விட்டு இரண்டு முறை இழுத்தேன். பிரஷின் வெள்ளை நார் முழுக்கச் சிவந்து வந்தது, அந்த இடுக்கில் பிறை காணாமல் போனது. பாசியும் துடைப்பமும் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊதா இருந்த இடுக்கில் மட்டும் பிரஷ் பாதியில் எதிலோ முட்டி நின்றது.

ஊதா நிறத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா டாக்டர்? பிரஷ் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?


வேர்முனை எழுதியது:

இரண்டு நிறம் காட்டும் மாத்திரை என்றால் சிவப்பு புதுப் படலம், ஊதா பழையது. ஒருநாளுக்கு மேல் யாரும் தொடாதது.

பிரஷ் அளவு எல்லா இடுக்குக்கும் ஒன்றாக இருக்காது, இரண்டு மூன்று அளவு தேவைப்படும். நார் இடுக்கை நிறைக்க வேண்டும், லேசான எதிர்ப்பு தெரிய வேண்டும், நடுக்கம்பி பல்லில் உரசக் கூடாது. தளர்வாகப் போனால் சுத்தமாகாது. போகாத இடத்தில் திணித்தால் ஈறு புண்ணாகும், கம்பி வளையும். முன்பற்களில் இடுக்கு இறுக்கமாக இருந்தால் பிரஷை விட்டுவிட்டு நூல் போடுங்கள். துலக்காமல் படலத்தைச் சேரவிட்டால் ஈறு என்னாகும் என்று பார்க்க, ஹரால்டு லோ என்ற ஈறுநோய் ஆய்வாளர் 1965இல் டென்மார்க்கில் செய்த சோதனை இன்றும் பாடமாக இருக்கிறது. ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. ஈறு அவ்வளவு சீக்கிரம் கெடும், அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவும் செய்யும்.

பிரஷ் முட்டி நின்ற இடத்தைத் திணிக்காதீர்கள். இனிக் காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.


படித்துறை எழுதியது:

நானும் மாத்திரை வாங்கி மென்று பார்த்தேன். முன்பு எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். "எளிதானதைச் செய்துவிட்டுப் போகலாம்" என்றேன். எனக்கு அந்தப் பிறை பதினொரு இடுக்கில் இருந்தது. இத்தனைக்கும் எனக்கு ரத்தமே வருவதில்லை. புகை பிடிப்பவன் நான். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தாலும் ரத்தம் வராது என்று பல் டாக்டர் ஒருவர் முன்பு சொன்னபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஈறு ஆழம் அளக்க நேரம் வாங்கியிருக்கிறேன்.


மஞ்சள்வெயில் எழுதியது:

போய்விட்டு வந்தேன். புதிதாக ஒரு டாக்டரிடம்தான் காட்டினேன். எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன்: கீழ் வலது, கடைசி இரண்டு பல்லுக்கு நடுவே, நூல் ஏறும்போது பிய்கிறது, பிரஷ் பாதியில் முட்டுகிறது. சின்ன எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். பழைய அடைப்பின் கீழ் விளிம்பு பல்லுக்கு வெளியே ஒரு திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நிழலில்தான் ஏழெட்டு வருடமாக எல்லாம் சேர்ந்திருக்கிறது. ஈறுக்குள் அளவுகோலை விட்டு ஆழம் பார்த்தார். மற்ற இடங்களில் 2, 3 மில்லிமீட்டர், அங்கே மட்டும் 5. மற்ற இடமெல்லாம் தேறியிருப்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம், தொடருங்கள் என்றார்.

பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் பட்டை வைத்துப் புதிதாக அடைத்தார், அந்த இடத்தை மட்டும் ஆழமாகச் சுத்தம் செய்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நூலை எடுத்து அந்த இடுக்கில் இறக்கினேன். பல்லை அணைத்து மேலும் கீழும் இரண்டு முறை வழித்து, மெதுவாக இழுத்தேன். ஒரு பிசிறுகூட இல்லாமல் முழுசாக வந்தது.